பிரையும் காடியும்: அமிலந்தாங்கும் நுண்ணுயிர்களும் நம் சொற்களும்

நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரைத் தமிழில் பிறை என்று எழுதுகிறோம். வல்லின றகரத்தை நீக்கி இடையின ரகரத்தை இட்டால் பிரை என்றாகும். பிரை என்பது உறைமோர். காய்ச்சி ஆறிய பாலைத் தயிராக்குவதற்கு அதில் இடும் சிறிதளவு பழைய மோர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இச்சொல்லைப் பதிவு செய்துள்ளது. தென்தமிழ்நாட்டுப் பேச்சில் அது 'பெரை குத்துதல்' என வழங்கும். ஊர்ப்பெயரும் இச்சொல்லும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு ஊர்ப்பெயருக்கு வேர் கற்பிப்பது மொழியியல் பயின்றோர்க்கு அடாத செயல். எனினும் இன்றைய பொருளுக்குள் நுழைவதற்கு இவ்வொப்புமை நல்ல வாயிலாக அமைகிறது. பிரை என்ற ஒரு கரண்டி மோருக்குள் இருப்பவை அமிலத்தை ஆக்குவனவும் அமிலத்தைத் தாங்குவனவுமான கோடிக்கணக்கான நுண்ணுயிர்களே.

சொல்லாராய்ச்சி செய்தவர்க்கு நுண்ணுயிரியலில் என்ன வேலை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இந்த மாநிலத்தில் சில காலமாக 'நல்ல நுண்ணுயிர்' என்ற பேச்சு மிகுந்திருக்கிறது. ஆற்றைத் தூய்மையாக்க ஒரு கரைசல், வயிற்றைச் சீராக்க ஒரு புட்டி, கழிவறையைக் கழுவப் பழத்தோல் 'என்சைம்' எனப் பலவும் பள்ளி வளாகங்களுக்குள் வந்துவிட்டன. இவற்றுள் எதை மாணவர்க்குச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஆசிரியர் பலர் நம்மைக் கேட்டதுண்டு. இக்கேள்விக்கு அறிவியல் தந்துள்ள விடைகளைப் படித்தபோது நமக்கு ஒன்று புலப்பட்டது. அமிலந்தாங்கும் நுண்ணுயிர்கள் எங்கே நமக்குக் காவலாகும், எங்கே ஆகா என்னும் வேறுபாட்டைத் தமிழர் அடுக்களை நெடுங்காலத்துக்கு முன்பே சொற்களாக்கி வைத்திருக்கிறது. அச்சொற்களை நாம் சரியாக ஆண்டால், பொய்யான எதிர்பார்ப்புகளில் பாதி தாமே விலகிவிடும்.

புளிப்பை அளத்தல்

புளிப்பு அறுசுவைகளுள் ஒன்று. நாக்கு அறியும் அச்சுவையை எண்ணாக்கியவர் டென்மார்க்கின் சோரன்சன். கோபன்ஹேகன் நகரிலிருந்த கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர் 1909இல் பி.எச். என்னும் அளவுகோலை வகுத்தார். மதுவடிக்கும் தொழிலுக்காக எழுந்த ஆய்வுக்கூடத்தில் இவ்வளவுகோல் பிறந்தது பொருத்தமே. நொதித்தல் தொழிலுக்குப் புளிப்பின் அளவு உயிர்நாடி. தூய நீர் 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். மாணவர் தவறவிடும் செய்தி ஒன்றுண்டு: இவ்வளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். 7இலிருந்து 4க்கு வருவது மூன்று படி அன்று, ஆயிரம் மடங்கு. புளித்த இட்லி மாவு 4.5க்கு அருகில் நிற்கும். வெறும் வயிற்றின் அமிலம் 1.5 முதல் 3.5 வரை; கடல்நீர் ஏறத்தாழ 8.1.

அமிலம் ஓர் உயிரணுவை எப்படிக் கொல்கிறது? லாக்டிக் அமிலம் போன்றவை புளிப்பு மிகுந்த சூழலில் பிளவுபடாமல் உயிரணுவின் மெல்லிய உறையைக் கடந்து உள்ளே நுழைகின்றன. உள்ளே அமிலத்தன்மை குறைவு. ஆதலால் அங்கே அவை பிளந்து, உட்புறத்தையும் புளிக்கச் செய்கின்றன. உட்புறம் புளித்தால் உயிரணுவின் நொதிகள் செயலிழக்கும். அமிலந்தாங்கும் நுண்ணுயிர், ஊறும் நீரை இறைத்துக்கொண்டே படகைச் செலுத்துபவனைப் போன்றது. உள்ளே சேரும் அமிலத்துகள்களைத் தன் உறையிலுள்ள இறைப்பான்களால் ஓயாமல் வெளியேற்றுகிறது. இதற்கு ஆற்றல் செலவாகும். ஆற்றலுக்கு இனிப்போ மாவுப்பொருளோ கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தச் செலவுக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர்த் தேவைப்படும்.

தாங்குதல் வேறு, விரும்புதல் வேறு. அமிலமின்றி வாழவே இயலாத உயிர்களும் உள. சபாவின் மாமுட் செப்புச் சுரங்கம் 1975 முதல் 1999 வரை இயங்கி மூடப்பட்டது. அத்தகைய சுரங்கங்களில் கந்தகம் கலந்த பாறை காற்றையும் நீரையும் சந்திக்கும்போது கந்தக அமிலம் ஊறுகிறது. அந்நிகழ்வை விரைவுபடுத்தும் நுண்ணுயிர்களுக்கு அமிலமே வீடு. இவற்றை அமிலவிரும்பி என்போம். தயிரிலும் மாவிலும் வாழ்பவை அமிலந்தாங்கிகள் மட்டுமே. தாமே ஆக்கிய புளிப்பில் ஒரு கட்டத்துக்குமேல் அவையும் ஓய்ந்துவிடுகின்றன. வேடிக்கை என்னவெனில், 1900இல் மோரோ என்னும் மருத்துவர் குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர்க்கு 'அசிடோஃபிலஸ்', அதாவது அமிலவிரும்பி, என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதுவோ வெறும் தாங்கி. பெயரிடுவதில் தமிழர் மட்டும் இடறவில்லை என்பது நமக்கு ஓர் ஆறுதல்.

ஓர் இரவில் மாவுச் சட்டியில்

1965இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இட்லி மாவை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி எழுப்பினர். ரொட்டி மாவை உப்பச் செய்வது ஈஸ்ட். இட்லி மாவில் யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. பிறகு அது எப்படி உப்புகிறது? ஊறவைத்த அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்னும் பாக்டீரியாவே மாவைப் பொங்கச் செய்கிறது என்று அவர்கள் கண்டனர். அது இனிப்பை உண்டு லாக்டிக் அமிலத்தையும் கரிவளியையும் வெளியிடுகிறது. அக்கரிவளியை வெளியேற விடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. உளுந்து குறைந்த மாவு புளிக்கும், பொங்காது என்று நம் பாட்டிமார் சொன்னதன் காரணம் இதுவே.

இக்கதையின் சுவையான பகுதி அடுத்து வருகிறது. லியூகோநாஸ்டாக் முதலில் விரைந்து பெருகும். ஆனால் அமிலத்தை அளவோடுதான் தாங்கும். தான் ஆக்கிய புளிப்பே தன்னை நெருக்கும்போது அது தளர்கிறது. அதனைவிடத் தாங்குதிறன் மிக்க வேறு லாக்டிக் பாக்டீரியாக்கள் மேலெழுகின்றன. மாவின் பி.எச். 6 அளவிலிருந்து 4.5க்கு அண்மையில் இறங்கும்போது, கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பெருக முடியாமல் நின்றுவிடுகின்றன. ஆக, மாவுச் சட்டியில் ஓர் இரவில் ஓர் அரசு அமைந்து, வீழ்ந்து, இன்னோர் அரசு எழுகிறது. பினாங்கின் வெப்பத்தில் இதற்கு எட்டு மணி நேரம் போதும். கேமரன் மலையில் போதாது.

நன்னூலார் புணர்ச்சி விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்கினார். சட்டியிலும் இம்மூன்றும் நிகழ்கின்றன. நம் பேச்சுமொழி அவற்றை வேறுவேறு பெயரால் அழைக்கிறது. பால் உறைந்தது என்றால் மகிழ்ச்சி. பால் திரிந்தது என்றால் இழப்பு. வேதியியல் நோக்கில் இரண்டும் அண்டை வீட்டார். பாலின் கேசீன் என்னும் புரதம் பி.எச். 4.6 அளவில் திரளும். எந்த நுண்ணுயிர் அமிலத்தை ஆக்கினாலும் திரளும். வேறுபாடு யார் வேலை செய்தார் என்பதில் உள்ளது. பிரை இட்டு நாம் அமர்த்திய படை செய்தால் உறைதல். தெரியாத படை புகுந்து செய்தால் திரிதல். பெரும்பாணாற்றுப்படையில் விடியலுக்கு முன் எழுந்து தயிர் கடையும் ஆய்மகள் வருகிறாள். அப்பகுதியிலேயே 'உறை' என்னும் சொல் இப்பொருளில் ஆளப்பட்டிருக்கிறது. படையை அமர்த்தும் கலை அவ்வளவு பழையது.

இன்னும் கூர்மையான இணை, புளித்தலும் ஊசுதலும். மாவு புளித்தது என்போம். சாம்பார் ஊசிப்போயிற்று என்போம். 'சாம்பார் புளித்துவிட்டது' என்று கெட்டுப்போன பொருளில் கவனமாகப் பேசுவோர் சொல்வதில்லை. ஊசிய உணவு நூல்விடும், வழவழக்கும், நாறும். அங்கே லாக்டிக் அமிலப் படை வேரூன்றவில்லை, பி.எச். இறங்கவில்லை, புரதத்தைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் தடையின்றிப் பெருகின. உணவுப் பாதுகாப்பு நூல்கள் பி.எச். 4.6 என்னும் எண்ணை ஓர் எல்லைக்கோடாகக் கொள்கின்றன. கொடிய நஞ்சை ஆக்கும் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் அந்த எல்லைக்குக் கீழே வளராது. புளித்தல், ஊசுதல் என்னும் இரு சொற்களுக்கு இடையே அடுக்களை கிழித்த கோடும் ஏறத்தாழ அங்கேதான் செல்கிறது.

பழஞ்சோற்றை இங்கே நினைக்க வேண்டும். இரவு நீரூற்றி வைத்த சோறு காலையில் மெல்லப் புளித்து, நீராகாரம் இனிய மணத்தோடு இருந்தால் அது புளித்த சோறு. ஆனால் பேசில்லஸ் செரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும்போதும் சாவதில்லை. சோற்றை நெடுநேரம் வெதுவெதுப்பாக மூடிவைத்தால் அவை முளைத்துப் பெருகும். அவற்றுள் ஒருவகை ஆக்கும் வாந்தி நஞ்சு, மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது. 'பழையது உடலுக்கு நல்லது' என்று பொதுவாகச் சொல்லிவிடுவதில் நமக்கு உடன்பாடில்லை. சோற்றை விரைவாக ஆறவிட்டு, நல்ல நீரூற்றி, மறுநாட்காலையிலேயே உண்ண வேண்டும். புளித்ததா, ஊசியதா என்று மூக்கு கேட்கும் கேள்வி முதற்காவலே, முடிவான காவலன்று. மணத்தில் குற்றமில்லாத சோற்றிலும் அந்நஞ்சு இருக்கக்கூடும்.

நம் அண்டை வீட்டாரும் இக்கலையில் வல்லவர். மலாய்க்காரரின் தெம்போயா, டுரியான் பழச்சதையை உப்பிட்டுப் புளிக்க வைப்பது. அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு லாக்டிக் பாக்டீரியாவுக்கு 2005இல் ஆய்வாளர்கள் 'டுரியோனிஸ்' என்றே பெயர் சூட்டினர். நம் பழம் அறிவியற்பெயராகிவிட்டது. எல்லாப் புளிப்பும் இப்படி நலமாக முடிவதில்லை. ஜாவாவில் தேங்காய்ப் பிண்ணாக்கை நொதிக்க வைத்துச் செய்யும் தெம்பே பொங்க்ரெக்கில் வேறொரு பாக்டீரியா புகுந்து கொடிய நஞ்சை ஆக்கிப் பலர் இறந்தனர். 1988இல் இந்தோனேசியா அதனைத் தடை செய்தது. நொதித்தது என்பதனாலேயே ஓர் உணவு நல்லதாகிவிடாது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோர்க்கு இன்னொரு பாலும் நினைவுக்கு வரும். பால்மரத்தின் பாலை மங்கில் அப்படியே விட்டால், காற்றிலும் கத்தியிலுமிருந்து சேர்ந்த பாக்டீரியாக்கள் பாலிலுள்ள சர்க்கரைப் பொருள்களைப் புளிக்கச் செய்து, பால் தானே கட்டியாகிவிடும். தொழிற்சாலையில் அதே வேலையை ஃபார்மிக் அமிலம் செய்கிறது. உறையாமல் காக்க வேண்டுமானால் அமோனியாவைச் சேர்த்துக் காரமாக்குவர். பசுவின் பாலுக்கும் மரத்தின் பாலுக்கும் 'உறைதல்' என்ற ஒரே சொல்லைப் பால்வெட்டுத் தொழிலாளர் ஆண்டது உவமையால் மட்டுமன்று, நிகழ்ச்சியே ஒன்று. பதநீர்க் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவதும் இதன் மறுதலை. காரம் நுண்ணுயிர்களை அடக்கிவைக்க, பதநீர் கள்ளாகாமல் நிற்கிறது. சுண்ணாம்பு தீர்ந்தால் கள்.

வயிற்றுக்குள்

அமிலந்தாங்குதல் உடல்நலத்தில் ஏன் பேசப்படுகிறது என்பது இப்போது விளங்கும். வாய்வழியே செல்லும் எந்த நுண்ணுயிரும் குடலை அடைய வயிற்றமிலத்தைக் கடந்தாக வேண்டும். இயல்பாகவே அது கிருமிகளைத் தடுக்கும் மதில். தயிர் உண்போர் நெடுநாள் வாழ்வர் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதிட்டவர் மெச்சினிகாஃப். 1908இல் நோபல் பரிசு பெற்றவர், எனினும் பரிசு இக்கருத்துக்கன்று, நோயெதிர்ப்பு ஆய்வுக்கே. 1930இல் ஜப்பானின் ஷிரோத்தா, குடல்வரை உயிரோடு செல்லக்கூடிய லாக்டிக் பாக்டீரியா ஒன்றை வளர்த்தெடுத்தார். 1935இல் அது யாக்குல்ட் என்னும் பானமாக விற்பனைக்கு வந்தது. இன்று நம் பிள்ளைகள் கையிலுள்ள சிறுபுட்டியின் வரலாறு இது.

இவ்விடத்தில் சொல்லைக் கவனிக்க வேண்டும். உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் 2001இல் கூட்டிய வல்லுநர் குழு 'புரோபயாடிக்' என்பதற்கு வகுத்த இலக்கணம் மூன்று கூறு உடையது: உயிருள்ள நுண்ணுயிராக இருத்தல், போதிய அளவில் இருத்தல், உண்பவர்க்கு நலம் தருதல். இட்லியை இவ்விலக்கணத்துக்குள் அடக்க இயலாது. ஆவியில் வெந்தபின் அதில் உயிருள்ள லாக்டிக் பாக்டீரியா இல்லை. அதனால் இட்லிக்குச் சிறுமையில்லை. நுண்ணுயிர்கள் சாவதற்கு முன் மாவையே மாற்றிவிட்டன. பருப்பிலும் தானியத்திலும் இரும்புச்சத்தைப் பற்றிக்கொள்ளும் ஃபைட்டேட் குறைந்திருக்கிறது, செரிமானம் எளிதாகியிருக்கிறது. மோரும் தயிரும் நீராகாரமும் வேறு வகை. அவற்றில் உயிர்கள் இருக்கின்றன. ஆயினும் வீட்டு மோரில் எந்த இனம் எத்தனை என்று எவரும் எண்ணிப் பார்க்காதபோது, அதை மருந்து என்று சொல்வது மிகை. உணவு என்று சொல்வோம்.

அமிலத்தைத் தாங்குவதெல்லாம் நண்பன் என்று எண்ணுவோர்க்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். பல்லில் வாழும் ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் நாம் தின்னும் சீனியை அமிலமாக்குகிறது, அவ்வமிலத்தைத் தானும் தாங்குகிறது. பி.எச். 5.5க்குக் கீழே பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். மாவுச் சட்டியில் நாம் பாராட்டிய அதே திறமைதான் இது. இடம் மட்டும் மாறியது. மற்றொன்று ஹெலிகோபாக்டர் பைலோரி. 1982இல் ஆஸ்திரேலியாவின் மார்ஷலும் வாரனும் இதனைக் கண்டறிந்தனர். 2005இல் நோபல் பரிசு பெற்றனர். இது யூரியாவிலிருந்து அமோனியாவை ஆக்கித் தன்னைச் சுற்றிலும் அமிலத்தைத் தணித்துக்கொண்டு வயிற்றுச் சுவரில் குடியிருக்கிறது. வயிற்றுப்புண்ணுக்கும் இரைப்பைப் புற்றுக்கும் காரணமாகிறது. மலேசியாவில் நடந்த பல ஆய்வுகளில் இத்தொற்று மலாய்க்காரரைவிட இந்தியரிடையே மிகுதியாகக் காணப்பட்டுள்ளது. 'கேஸ்டிரிக்' என்று சொல்லி மாதக்கணக்கில் மோரும் மாத்திரையுமாகக் காலங்கடத்தும் நம்மவர் இதனைக் கட்டாயம் அறிய வேண்டும். மூச்சுச் சோதனையால் அறியலாம். மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லிகளால் தீர்க்கலாம். மோர் அதைத் தீர்க்காது.

மண்ணுருண்டையும் பழத்தோலும்

2009 ஆகஸ்டு 8ஆம் நாள் பினாங்குக் கடற்கரையில் நிகழ்ந்தது பலருக்கு நினைவிருக்கலாம். ஒரு மில்லியன் மண்ணுருண்டைகளைக் கடலில் எறிவது என்ற இலக்கோடு மக்கள் திரண்டனர். உருண்டைகள் களிமண்ணும் தவிடும் சர்க்கரைப் பாகும் 'ஈ.எம்.' என்னும் கரைசலும் சேர்த்துப் பிசைந்தவை. ஒக்கினாவாவிலுள்ள ரியூக்கியூ பல்கலைக்கழகத்தின் தெருவோ ஹிகா 1980களில் பரப்பிய கலவை அது. லாக்டிக் பாக்டீரியா, ஈஸ்ட், ஒளியால் வாழும் பாக்டீரியா ஆகியவை பி.எச். 3.5 அளவிலான புளிப்பில் ஒன்றாக வாழ்வது. தமிழில் இதனைத் 'திறன்மிகு நுண்ணுயிர்' என்கின்றனர். திறன் மிகுந்தது என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால் ஆய்வுக்கு இடமேது?

முன்னர் மனத்தில் வைக்கச் சொன்ன செலவுக் கணக்கை இங்கே எடுக்க வேண்டும். புட்டிக்குள் பி.எச். 3.5, கடலில் 8.1. இரண்டுக்கும் இடையே அமிலத்தன்மையில் பல்லாயிர மடங்கு வேறுபாடு. மூடிய புட்டியில் லாக்டிக் பாக்டீரியா வென்றதற்குக் காரணம், தான் ஆக்கிய அமிலம் அங்கேயே தங்கிப் பகைவரை அடக்கியது. திறந்த கடலில் அமிலம் கரைந்து மறைகிறது. ஆயுதம் கையைவிட்டுப் போகிறது. மிஞ்சுவது தவிடும் பாகும். அவை நீரிலுள்ள உயிர்வளியை உண்ணும் கூடுதல் சுமை. நெதர்லாந்தில் பாசிப்பெருக்கைத் தடுக்க இவ்வுருண்டைகளைச் சோதித்தோர் வழக்கமான அளவில் பயன் காணவில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரருகே நான்கு ஆண்டுகள் வயலில் நடந்த சோதனையிலும், உயிருள்ள கரைசலுக்கும் கொதிக்கவைத்து உயிர்நீக்கிய கரைசலுக்கும் பயிர் விளைச்சலில் வேறுபாடு தெரியவில்லை. அன்று கடற்கரையில் கைகோத்தவர்களின் ஆர்வத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆர்வம் விரும்பிய பயனை உருண்டை தந்ததா என்பதே கேள்வி.

பழத்தோல் 'என்சைம்' கதையும் இதற்கு உறவு. தாய்லாந்தின் ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பிய முறை அது: ஒரு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு நீர்; மூன்று மாதம் மூடிவைத்தல். பினாங்கில் இதனைச் செய்யாத குடியிருப்பே இல்லை எனலாம். புட்டியில் நிகழ்வது என்ன? ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. அசிட்டிக் பாக்டீரியாவும் லாக்டிக் பாக்டீரியாவும் புளிக்கச் செய்கின்றன. கிடைப்பது முதன்மையாகப் புளிப்பு நீர். இதற்கு ஆங்கிலவழி வந்த 'என்சைம்' என்னும் பெயர் பொருந்தாது. தமிழில் இதற்குரிய சொல் ஆயிரம் ஆண்டுகளாகக் காத்திருக்கிறது: காடி. புளித்த கஞ்சிநீருக்கும் புளிக்காடிக்கும் நம் முன்னோர் வழங்கிய சொல். தனித்தமிழ் நூலார் அமிலம் என்னும் பொருளிலும் ஆண்டது. 'பழத்தோல் காடி' என்று சொல்லிப் பார்ப்போம். உடனே அது எதற்கு உதவும் என்று விளங்குகிறது: குழாயில் படிந்த சுண்ணாம்புக் கறையைக் கரைக்கும், தரையைத் துடைக்கலாம். எதற்கு உதவாது என்பதும் விளங்குகிறது: சாக்கடையில் ஊற்றினால் ஆறு தூய்மையாகும் என்று எவரும் காடியைப் பற்றி நினைக்கமாட்டார். 'என்சைம்' என்றபோது நினைத்தோம்.

தமிழ்நாட்டு இயற்கை வேளாண்மையில் 'மீன் அமிலம்' என்னும் பெயர் வழங்குகிறது. மீனையும் வெல்லத்தையும் மூடி நொதிக்க வைத்த கரைசல் அது, ஆங்கிலத்தில் அமினோ அமிலம் என்றிருந்ததில் அமினோ உதிர்ந்துபோயிற்று. 'தேமோர்க் கரைசல்' என்னும் பெயரோ அருமையானது. தேங்காய்ப்பாலும் மோரும் என்று உள்ளிருப்பதை அப்படியே சொல்கிறது. பயிருக்கு என்ன செய்யும் என்று பெயர் வாக்குறுதி தரவில்லை. கலைச்சொல் ஆக்குவோர் உழவரிடம் கற்கலாம்.

அமிலம் சூழலில் மெய்யாகவே பெரும்பணி செய்யும் இடம் நமக்கு அருகிலேயே உள்ளது. அங்கே அது எஜமானன் அன்று, கட்டுக்குள் வைக்கப்பட்ட பணியாள். செம்பனை ஆலைக் கழிவுநீரைச் சொல்கிறோம். ஒரு டன் கச்சா எண்ணெய்க்கு இரண்டரை டன்னுக்கு மேல் கழிவுநீர். சூடானது, பழுப்பானது, பி.எச். 4 முதல் 5. நீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க எவ்வளவு உயிர்வளி வேண்டும் என்னும் அளவு அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். ஆற்றில் அப்படியே விட்டால் மீன் மூச்சுத்திணறிச் சாகும், சாகவும் செய்தது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977இல் வந்த விதிகள் இந்த அளவைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, 1978இல் 5,000 என்றிருந்ததை 1984இல் 100 ஆக்கின. ஆலைகள் குளம் வெட்டின. முதற்கட்டத்தில் அமிலமாக்கும் பாக்டீரியாக்கள் பெரிய மூலக்கூறுகளைச் சிறிய அமிலங்களாக உடைக்கின்றன; அடுத்து மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்கள் அவ்வமிலங்களை உண்கின்றன. பின்னவற்றுக்குப் புளிப்பு ஆகாது, பி.எச். 7க்கு அண்மையில்தான் அவை வாழும். முன்னவை விரைந்து, பின்னவை பின்தங்கினால் குளம் புளித்துப்போகும், சுத்திகரிப்பு நின்றுவிடும். மாவுச் சட்டியில் புளித்தால் வெற்றி, ஆலைக் குளத்தில் புளித்தால் தோல்வி. சொல் ஒன்றே.

அக்குளங்களைத் தோற்றுவித்தது நுண்ணுயிர் மட்டுமன்று, விதியும்தான். 1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு ஜூரு ஆற்றில் கலந்ததால் குவாலா ஜூரு மீனவர் சிப்பியையும் மீனையும் இழந்ததைப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் வெளிக்கொணர்ந்தது. அம்மீனவர்க்கு வேண்டியிருந்தது ஆற்றில் இடும் மருந்தன்று. குழாயின் மறுமுனையில் ஒரு தடுப்பு.

தமிழ்ப்பள்ளியில் நுண்ணுயிர் பாடம் படிக்கும் மாணவர் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் இப்பொருளை மலாயில் தொடர்கின்றனர். இடையில் உதிர்ந்துபோவது 'ஊசுதல்' போன்ற வீட்டுச் சொற்களே. அவை பாடநூலில் இல்லை, தேர்விலும் இல்லை. இலங்கை நூல்களில் நுண்ணங்கி, தமிழ்நாட்டில் நுண்ணுயிரி, இங்கே நுண்ணுயிர் என்று கலைச்சொல் பிரிந்து கிடந்தாலும், யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் பிறையிலும் மாவு புளிக்கத்தான் செய்கிறது.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு சிறு முறை. செம்பருத்திப் பூவின் சிவந்த இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் அமிலத்தில் செந்நிறமும் காரத்தில் பச்சையும் காட்டும் நீர் கிடைக்கும்; நம் தேசிய மலர் எங்கும் பூத்திருக்கிறது. அரைத்த மாவை மாலையில் ஒரு கிண்ணத்திலும், ஆறிய சாம்பாரை இன்னொரு கிண்ணத்திலும் மூடிவைக்க வேண்டும். இரண்டிலும் மாலையில் ஒரு கரண்டி, காலையில் ஒரு கரண்டி எடுத்து, தெளிந்த நீரில் கரைத்து, பூநீரில் சில துளிகள் இட்டு நிறங்களை ஒப்பிடலாம். சாம்பாரில் புளி சேர்ந்திருப்பதால் தொடக்கத்திலேயே சற்றுச் சிவக்கும். மாணவர் இதனைக் கண்டு ஏன் என்று கேட்டால், பாடம் பாதி முடிந்தது. எதையும் சுவைத்துப் பார்க்க விட வேண்டாம். ஊசிய கிண்ணத்தை ஆசிரியரே கொதிநீர் ஊற்றிக் கழுவிவிடுவது நல்லது.